தப்பிய கணக்கும் தப்பாத கணக்கும்
ஹூசாக் மலையைக் குடைந்த வரலாறு

(பொறியியல் மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலை என்றவுடன் அண்ணாந்து பார்ப்பது மனித சுபாவம். அதன் சிகரத்தில் தெய்வத்தைக் குடியேற்றுவதும், அங்கே ஏறி நின்று உலகத்தைப் பார்ப்பதும், ஏற முடியாதவர்கள் அடிவாரத்திலிருந்து கைகூப்புவதும் எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். இன்று மாலை நான் உங்களை அழைத்துச் செல்ல நினைப்பதோ மலையின் வயிற்றுக்குள். அங்கே பார்ப்பதற்கு இயற்கைக் காட்சி ஏதும் இல்லை. இருட்டும், ஈரமும், பாறையில் உளி விழும் ஓசையுந்தான் உண்டு. ஆனாலும் மனிதனுடைய அறிவு எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் அது தடுக்கி விழும், விழுந்த பிறகு எப்படி எழுந்திருக்கும் என்பதையெல்லாம் பார்ப்பதற்கு அதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் உள்ள மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், மேற்கெல்லையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பெர்க்‌ஷயர் குன்றுகளில் ஒரு தொடருக்கு ஹூசாக் மலை என்று பெயர். உலகத்தின் பெரிய மலைகளோடு சேர்த்து வைத்து எண்ணினால் அது ஒரு மேடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் அந்த மேட்டின் அடியில் 25,081 அடி நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் மைலுக்கு, ஒரு ரெயில் வழியைக் குடைவதற்கு 1851 முதல் 1875 வரை இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன. தகப்பன் தொடங்கிய வேலையை மகன் முடித்தான் என்று சொல்லத்தக்க கால அளவு அது. இந்த வரலாற்றை நான் ஒரு கணக்கு வழக்காகவே சொல்லப் போகிறேன்; ஏனென்றால் இதில் வரும் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் யார் எந்த இடத்தில் நின்றுகொண்டு கணக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்தன.

முதற் கணக்கைப் போட்டவர்கள் பாஸ்டன் நகரத்து வியாபாரிகள். 1825-ஆம் ஆண்டில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. ஹட்சன் நதியையும் மேற்கேயுள்ள பெரிய ஏரிகளையும் இணைத்த அந்தக் கால்வாய், உள்நாட்டில் விளைந்த தானியத்தையெல்லாம் நியூயார்க் துறைமுகத்தின் மடியில் கொண்டுவந்து கொட்டிற்று. பழமையும் பெருமையும் வாய்ந்த பாஸ்டன் துறைமுகம் இதைக் கண்டு கையைப் பிசைந்தது. ஹட்சனை எட்டிப் பிடிக்கத் தாமும் ஒரு கால்வாய் வெட்டலாமா என்று யோசித்து, லோமி பால்ட்வின் என்னும் இஞ்சினீயரைக் கொண்டு வழி பார்த்தார்கள். அவர் பார்த்த வழி அருமையாகத்தான் இருந்தது: மலைக்குக் கிழக்கே டீர்ஃபீல்டு நதியின் பள்ளத்தாக்கு, மேற்கே ஹூசிக் நதியின் பள்ளத்தாக்கு, இரண்டும் ஒன்றையொன்று நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தன, நடுவில் மலை ஒன்றுதான் குறுக்கே நின்றது. அந்த மலையைக் குடைந்து கால்வாயைக் கொண்டு போய்விடலாம், அதற்குப் பத்து லட்சம் டாலருக்குக் குறைவாகவே ஆகும் என்று அவர் மதிப்பிட்டார். கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக இந்த மார்க்கத்தைத் தெய்வமே விரலால் சுட்டிக் காட்டியதுபோல் இருக்கிறது என்று அவர் பரவசப்பட்டதாகவும், அந்த விரல் மலைக்குள்ளேயும் கொஞ்சம் நுழைந்து துளை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் முணுமுணுத்ததாகவும் ஒரு கதை உண்டு. நடந்த செய்தியோ, பின்னால் கட்டிய செய்தியோ, ஐம்பது ஆண்டு வரலாற்றின் சாரத்தை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கால்வாயின் காலம் விரைவில் முடிந்து ரெயிலின் காலம் வந்தது. 1841-ல் வெஸ்டர்ன் ரெயில்வே என்ற கம்பெனி, மாஸசூஸெட்ஸின் தென்பகுதி வழியாக மலைகளின் மேல் ஏறி இறங்கி, ஆல்பனி வரைக்கும் தண்டவாளத்தைக் கொண்டு சேர்த்தது. ஆனால் அந்தப் பாதையின் ஏற்றங்கள் கடுமையானவை; பாரவண்டிகள் மூச்சு வாங்கின. வடபகுதியிலோ, ஃபிட்ச்பர்க் ஊரில் காகித ஆலை வைத்திருந்த ஆல்வா குராக்கர் என்பவருக்கு, தம் ஊர் வழியாக ஒரு பாதை ஹட்சன் வரைக்கும் போக வேண்டும், அது மலையின் மேல் ஏறாமல் மலைக்குள் புகுந்து போக வேண்டும் என்ற எண்ணம் தலைக்கேறியிருந்தது. அவருடைய இடைவிடாத முயற்சியால் 1848-ல் டிராய்-கிரீன்ஃபீல்டு ரெயில்வேக்குச் சட்டசபையின் அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டு யுத்தங்கள் ஒரே சமயத்தில் நடந்தன: ஒன்று மலையோடு, மற்றொன்று, தன் வருமானம் போய்விடுமே என்று அஞ்சிய தென்பாதைக் கம்பெனியோடு, சட்டசபையின் மண்டபத்தில். இரண்டில் எது அதிகக் கடினமான பாறை என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

மலையின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, அக்காலத்தில் பூகர்ப்ப சாஸ்திரத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த எட்வர்டு ஹிட்ச்காக் விடை சொன்னார். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் தலைவராக இருந்த அந்தப் பெரியவர், மேலே தெரிந்த பாறைகளைப் பார்த்து, உள்ளேயும் நெடுக ஒரே சீரான, உறுதியான பாறைதான் இருக்கும், வளைவு கட்டித் தாங்க வேண்டிய அவசியமே நேராது என்னும் கருத்தைத் தெரிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை, அறியாமலும் சொல்லவில்லை. மேலே நின்று பார்ப்பவனுக்கு மலை எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் அறிந்து சொன்னார். மலைக்குத்தான் மேல்முகம் ஒன்றாகவும் உள்முகம் வேறாகவும் இருந்தது.

1851 ஜனவரியில் வேலை தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், கிழக்கு முகப்பில் ஒரு பிரம்மாண்டமான யந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வில்ஸன் என்பவர் அமைத்த கல்வெட்டும் யந்திரம் அது. எடை எழுபது டன்னுக்குக் குறையாது. இருபத்து நான்கு அடி விட்டமுள்ள வட்டமாகப் பாறையில் ஒரு பள்ளத்தை அறுத்துக்கொண்டே நீராவி பலத்தால் அது முன்னேறும். நடுவில் எஞ்சும் பாறையைப் பிறகு உடைத்து எடுத்துவிடலாம் என்பது யுக்தி. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. யந்திரம் சுமார் பத்தடி அறுத்தது. பிறகு மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நாலே முக்கால் மைலில் பத்தடி! மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவன்கூட ஓர் எலியையாவது கையோடு கொண்டு வந்தான். இவர்களுக்குக் கிடைத்தது பழைய இரும்பு. ஆனால் அந்த யந்திரத்தைப் பரிகாசம் செய்துவிட்டுப் போய்விடக் கூடாது. இன்று பூமிக்கடியில் முழு வட்டமாகத் துளைத்துக்கொண்டு போகும் ராட்சத யந்திரங்களின் எண்ணம் அதற்குள் இருந்தது. எண்ணம் பிறந்துவிட்டது, அதைத் தாங்கும் எஃகுதான் அன்று பிறக்கவில்லை.

கம்பெனியின் கையில் பணமில்லை. 1854-ல் ராஜ்யத்துச் சர்க்கார் இருபது லட்சம் டாலர் கடன் கொடுக்க இசைந்தது. வேலை இன்ன அளவு முடிந்தால் இன்ன தவணை என்று நிபந்தனை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹெர்மன் ஹாப்ட் என்பவர் குத்தகையை ஏற்றார். பாலங்களின் பலத்தைக் கணக்கிடுவது பற்றி நூல் எழுதியவர். பென்ஸில்வேனியா ரெயில்வேயின் தலைமை இஞ்சினீயராக இருந்தவர். இருந்தும், தம் சொந்தச் சொத்தையே இந்த மலைக்குள் கொண்டுபோய்ப் போட்டார். கறுப்பு வெடிமருந்தும், சம்மட்டியும், உளியுமே அவருடைய ஆயுதங்கள். ஒருவன் உளியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் மாறி மாறிச் சம்மட்டியால் அடிக்க, குழி ஆழமானதும் மருந்தைக் கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடவேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மையே. ஆனால் நகர வேண்டியது அம்மியாக இல்லாமல் மலையாக இருந்தால், அடிப்பவனுடைய ஆயுள் போதாது.

மேற்கு முகப்பில்தான் ஹிட்ச்காக்கின் கணக்குத் தப்பியது வெளிப்பட்டது. அங்கே பாறை உளுத்துப் போயிருந்தது. தண்ணீரோடு கலந்து, வெட்ட வெட்டச் சரிந்து, வெட்டின இடத்தையே மறுபடியும் மூடிக்கொண்டது. வேலைக்காரர்கள் அதற்குக் கூழ்க்கல் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். சாஸ்திரியின் சொல்லைவிட அந்தப் பெயர் எவ்வளவு துல்லியமானது, பாருங்கள்! கல்லை வெட்டலாம், கூழை எப்படி வெட்டுவது? கடுமையான பாறைதான் சுரங்கம் குடைபவனுக்கு விரோதி என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், கடும்பாறை நண்பன் என்பது. அது வெட்டுவதற்குத்தான் முரண்டு பிடிக்குமே தவிர, வெட்டிய பிறகு கூரையாக நின்று காக்கும். இளகிய மண்ணோ, இணங்குவதுபோல் இணங்கித் தலைமேல் விழும்.

1861-ல் சர்க்காரின் புதிய இஞ்சினீயர், முடிந்த வேலையின் அளவைக் குறைத்து மதிப்பிட்டுத் தவணையை வெட்டினார். ஹாப்ட் வேலையை நிறுத்திவிட்டார். அந்தச் சமயத்தில் உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்தது. அவர் யுத்த ரெயில்வேக்களின் பொறுப்பை ஏற்றுப் பெரும்புகழ் அடைந்தார். இலேசான கம்பங்களைக் கொண்டு சில நாட்களில் அவர் கட்டிய பாலத்தைப் பார்த்து ஜனாதிபதி லிங்கன் வியந்து பாராட்டியது பிரசித்தமான செய்தி. யுத்தத்தில் ஜயித்தவர் மலையிடம் தோற்றார் என்று சிலர் எழுதுவார்கள். மலையிடம் தோற்றாரா, சட்டசபையிடம் தோற்றாரா என்பது விவகாரத்துக்குரியது.

1862-ல் சர்க்காரே வேலையை எடுத்துக்கொண்டது. இதுவரை நான் சொன்னவையெல்லாம் தப்பிய கணக்குகள். இனிமேல் வருவது கணக்குப் போடும் முறையே மாறிய வரலாறு. ராஜ்யத்தின் கமிஷன், சார்லஸ் ஸ்டாரோ என்பவரை ஐரோப்பாவுக்கு அனுப்பி அங்குள்ள சுரங்கங்களைப் பார்த்து வரச் செய்தது. ஆல்ப்ஸ் மலையில், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே, மோன் செனி சுரங்கம் அப்போது குடையப்பட்டுக்கொண்டிருந்தது; அங்கே அழுத்தப்பட்ட காற்றால் துளைக்கும் கருவிகளை உபயோகித்தார்கள். 1863-ல் தலைமை இஞ்சினீயராக அமர்ந்த தாமஸ் டோன், இந்த அநுபவத்தையெல்லாம் கவனித்துவிட்டு, முதற்காரியமாகச் செய்தது மலையை மீண்டும் அளந்ததுதான். பழைய வேலையில் பெரும்பகுதியை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டைத் திருத்தினார், மலைமேல் கோபுரங்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கருவியால் குறிபார்த்து, குடைவின் நேர்கோட்டை மலையின் முதுகின்மேல் எழுதினார்.

பிறகு கிழக்கே டீர்ஃபீல்டு நதியில் அணை கட்டினார். அந்த நீரின் விசையால் காற்றை அமுக்கிக் குழாய்களின் வழியே உள்ளே அனுப்பினால், அது துளைக்கும் கருவியை ஓட்டும். ஓட்டிவிட்டு வெளிப்படும்போது, உள்ளே வேலை செய்பவர்களுக்குச் சுவாசிக்கவும் பயன்படும். நீராவியைச் சுரங்கத்துக்குள் கொண்டு போனால் வெப்பமும் புகையும் ஆளைக் கொன்றுவிடும். காற்றோ வேலையையும் செய்து உயிரையும் காக்கும். ஒரே காரியத்தில் இரண்டு பயன். ஆனால் பாறையின் அடியைத் தாங்கும் கருவி வேண்டுமே! முதலில் வந்தவை உடைந்து உடைந்து பட்டறைக்குத் திரும்பின. 1866-ல் ஃபிட்ச்பர்க் ஊர்க்காரரான சார்லஸ் பர்லி என்பவர் திருத்தி அமைத்த துளைக்கருவிதான் கடைசியில் நின்று வேலை செய்தது. பிற்காலத்தில் சுரங்கமெங்கும் பரவிய காற்றுத் துளைக்கருவிகளின் வம்சத்தில் அது ஒரு மூதாதை. பல கருவிகளை ஒரு வண்டியில் பூட்டி, பாறையின் முகத்துக்கு எதிரே தள்ளிக்கொண்டுபோய், ஒரே நேரத்தில் பல குழிகளைத் துளைத்தார்கள்.

குழி சீக்கிரம் ஆயிற்று. மருந்து பழையதாகவே இருந்தால் என்ன பயன்? கறுப்பு மருந்தைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய், ஸோப்ரேரோ என்ற இத்தாலிய ரசாயன சாஸ்திரியால் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது யமனைக் குப்பியில் அடைத்தது போன்றது. தட்டினாலும் வெடிக்கும், தவறினாலும் வெடிக்கும். பென்ஸில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் அதைப் பயன்படுத்திப் பழகிய ஜார்ஜ் மௌபிரே என்னும் ரசாயனரை அழைத்துவந்து, மேற்கு முகப்புக்கு அருகிலேயே அதைத் தயாரிக்கச் செய்தார்கள். உறைந்துபோன நைட்ரோகிளிசரின் இன்னும் அபாயகரமானது என்பது அக்காலத்து நம்பிக்கை. ஒரு பனிக்காலத்தில், மலையைத் தாண்டிக் கிழக்கு முகப்புக்கு அந்த எண்ணெயை ஏற்றிச் சென்ற சறுக்குவண்டி குடைசாய்ந்தது. டப்பாக்கள் உருண்டு விழுந்தன. ஏற்றிச் சென்றவன் தன் கதி முடிந்தது என்றே நினைத்திருப்பான். ஒன்றும் வெடிக்கவில்லை, எண்ணெய் குளிரில் உறைந்து கட்டியாகி இருந்தது. அன்றிலிருந்து மௌபிரே அதை உறைய வைத்தே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பலானார். சாஸ்திரத்தின் பெரிய உண்மை ஒன்று, பனியில் கவிழ்ந்த ஒரு வண்டிக்காரனின் உயிரை வைத்துச் சோதிக்கப்பட்டது. திரியைப் பற்றவைத்து ஓடும் வழக்கத்தையும் விட்டு, தூரத்திலிருந்து மின்சாரத்தால் பல குழிகளை ஒரே கணத்தில் வெடிக்கச் செய்யும் முறையும் இங்கே வேரூன்றியது.

இப்போது இந்த வரலாற்றின் நடுவிடத்துக்கு வருகிறோம். ஹூசாக் மலைக்கு இரண்டு முதுகுகள். நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து நேர் கீழாக 1,028 அடி ஆழத்துக்கு ஒரு கிணறு வெட்டினால், சுரங்கத்தின் மட்டத்தை அடைந்து, அங்கிருந்து கிழக்கும் மேற்குமாக இரண்டு புதிய முகங்களில் வேலை செய்யலாம். முடிந்த பிறகு அதுவே புகைபோக்கியாகவும் இருக்கும். இவ்வாறு நிச்சயித்து, நீள்வட்டமாக, இருபத்தேழு அடிக்குப் பதினைந்து அடி வாயுள்ள நடுக்கிணற்றை 1863-ல் தொடங்கினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று நாம் விளையாட்டாகச் சொல்லுவோம். அந்தக் கிணற்றிலிருந்து புறப்பட்ட பூதம் விளையாட்டானதன்று.

1867 அக்டோபரில், கிணற்றின் வாயில் அமைந்த கட்டடத்தில், விளக்குக்கு வாயு தயாரிக்கும் கருவியிலிருந்து நாஃப்தா என்னும் எண்ணெயின் ஆவி கசிந்து பரவியிருந்தது. ஒரு மெழுகுவத்தியின் சுடர் அதைப் பற்றியது. கண் இமைக்கும் நேரத்தில் கட்டடம் முழுவதும் தீயாயிற்று. ஆட்களை ஏற்றி இறக்கும் சாதனம் எரிந்தது. நீரை இறைக்கும் யந்திரம் நின்றது. எரியும் மரங்களும், இரும்பும், தீட்டி அடுக்கியிருந்த உளிகளும் கிணற்றுக்குள் மழையாகப் பொழிந்தன. கீழே ஐந்நூறு அடிக்கும் அதிகமான ஆழத்தில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். மறுநாள் ஒரு வேலையாள், தானே முன்வந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குழியில் இறங்கினான். நினைவு தப்பும் நிலையில் மேலே இழுத்தபோது, அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை, நம்பிக்கைக்கு இடமில்லை என்று மட்டும் சொன்னான். தேடுவதை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். பல மாதங்கள் கழித்து நீரை இறைத்துக் கீழே சென்றவர்கள் கண்டது என்ன? இறந்தவர்களில் சிலர், கிடைத்த பலகைகளைச் சேர்த்து ஒரு தெப்பம் கட்டியிருந்தார்கள். ஏறிவரும் தண்ணீரில் அந்தத் தெப்பம் தங்களை மேலே கொண்டுவந்து சேர்க்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அவர்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. தண்ணீர் ஏறத்தான் செய்தது. மூச்சுவிடக் காற்றுத்தான் இல்லாமற் போயிற்று.

இந்தப் பேரிழப்புக்குப் பிறகு எதிர்ப்பாளரின் குரல் ஓங்கியது. முந்திய ஆண்டிலேயே பிரான்சிஸ் பேர்டு என்பவர், இந்தச் சுரங்கம் ராஜ்யத்தின் பொக்கிஷத்தை விழுங்கும் நீர்ச்சுழி என்று தலைப்பிட்டே ஒரு பிரசுரம் வெளியிட்டிருந்தார். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற கவி, உலகம் முடிகிற காலத்தில் நடக்கக்கூடிய காரியங்களை வேடிக்கையாக அடுக்கிய பாட்டொன்றில், ஹூசாக் சுரங்கத்தில் ரெயில் ஓடுவதையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. கனடாவைச் சேர்ந்த வால்ட்டர் ஷான்லி, பிரான்சிஸ் ஷான்லி என்னும் சகோதரர்கள், மிச்ச வேலையை ஏறக்குறைய நாற்பத்தாறு லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டு 1869-ல் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே பெருவெள்ளம் வந்து மேற்குப் பகுதியைச் சூறையாடியது. மனம் தளராமல் இறைத்துவிட்டு மறுபடியும் குடைந்தார்கள். 1870-ல் நடுக்கிணறு அடியை எட்டியது.

பொறியியல் படிக்கும் இளைஞர்களே, இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ஆயிரம் அடி ஆழத்தில், சூரியனும் நட்சத்திரமும் தெரியாத இடத்தில், எந்தத் திசையில் வெட்டுவது என்று எப்படி அறிவது? மலைமேல் கோபுரங்களால் குறித்த கோட்டைக் கீழே கொண்டுபோக வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்த கருவி நம்மூர்க் கொத்தனார் கையில் இருக்கிறதே, அந்தத் தூக்குக்குண்டுதான். கிணற்றின் வாயில், கோட்டின்மேல் சரியாக இரண்டு இடங்களைக் குறித்து, அங்கிருந்து இரண்டு கம்பிகளில் கனமான குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பிகளுக்கு இடையே இருபதடிச் சொச்சந்தான் தூரம். கிணற்றின் வாய் அதற்குமேல் இடம் கொடுக்காது. அந்தச் சிறு கோட்டைத்தான் ஆயிரம் அடிக்கு மேலாகப் பாறைக்குள் நீட்டிச் செல்ல வேண்டும். இருபதடியில் ஒரு நூல் பிசகினால், ஆயிரம் அடியில் ஐம்பது நூல். அதாவது ஆறே கால் அங்குலம். சொட்டும் நீர் கம்பியை அசைக்கும். கிணற்றில் ஓடும் காற்று அசைக்கும். கம்பி முற்றிலும் அடங்குவதே கிடையாது. அது இப்படியும் அப்படியும் ஆடும் எல்லைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, குறித்து, சராசரி எடுத்து, நடுவிடம் இதுதான் என்று துணிய வேண்டும். அவசரக்காரனுக்கு இது கைவராத வேலை.

1872 டிசம்பரில் நடுக்கிணற்றிலிருந்து கிழக்கே வெட்டிச் சென்றவர்களும், கிழக்கு முகப்பிலிருந்து வெட்டி வந்தவர்களும் சந்தித்தார்கள். நடுவிலிருந்த பாறை உடைந்து, இந்தப் பக்கத்து விளக்கு அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தபோது, இரண்டு கோடுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு! பத்து லட்சம் என்றும் இருபது லட்சம் என்றும் மேலே நின்று கணக்கிட்ட மகான்களின் தொகைகள் பத்து மடங்கும் இருபது மடங்கும் பிசகிப் போயின. கிணற்றடியின் ஈரத்தில் நின்று ஆடும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கு அங்குலம் பிசகவில்லை. அவர்கள் அதிக புத்திசாலிகள் என்பதனாலா? அன்று. கம்பி ஆடுகிறது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் கணக்கில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதையும் சேர்த்தே அளந்தார்கள். முன்னவர்களுடைய மதிப்பீட்டில் எல்லா எண்களும் இருந்தன. ஐயம் என்ற எண் மட்டும் இல்லை.

1873 நவம்பர் 27-ல் மேற்குப் பக்கத்துப் பாறையும் உடைந்து, மலை முழுவதும் துளையாயிற்று. மேற்கு முனையில் கூழ்க்கல் இருந்த இடத்தில், குழாய்போல முழுவட்டமாகச் செங்கல் வளைவு கட்டினார்கள். வளைவே தேவைப்படாது என்று சொல்லப்பட்ட சுரங்கத்துக்கு மொத்தம் இரண்டு கோடிச் செங்கல் செலவாயிற்று. வெட்டி எடுத்த பாறை இருபது லட்சம் டன். 1875 பிப்ரவரி 9-ல் முதல் ரெயில் கடந்து சென்றது. அதைப் பார்க்க ஆல்வா குராக்கர் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே எண்ணத்தைச் சுமந்து திரிந்த மனிதர், முந்திய டிசம்பர் 26-ல் காலமாகிவிட்டார். இடையே நாற்பத்தைந்து நாட்கள். மொத்தச் செலவு இரண்டு கோடி டாலருக்கு மேல். அன்றைக்கு உலகில் அதைவிட நீளமான மலைச்சுரங்கம் மோன் செனி ஒன்றுதான்; வட அமெரிக்காவில் 1916-ல் கனடாவின் கன்னாட் சுரங்கம் திறக்கும் வரையில் இதற்கு நிகரில்லை. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட அந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு தொல்லையும் இருந்தது. இரு முகப்பிலிருந்தும் நடுவை நோக்கிச் சுரங்கம் மெல்ல ஏறுகிறது. உள்ளே ஊறும் நீர் தானாக வெளியே வழிய வேண்டும் என்பதற்காக. நீருக்கு நல்லதாயிருந்தது புகைக்கு நல்லதாயில்லை. நடுக்கிணறு இருந்தும், இஞ்சின்களின் புகை உள்ளேயே தேங்கி, ஓட்டுபவர்களை மூச்சுத் திணறச் செய்தது. 1911-ல் மின்சார இஞ்சின்கள் வந்தபின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1946-ல் டீசல் வந்ததும் மின்சாரமும் விடைபெற்றது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் வயிற்றில் சரக்கு வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

இரண்டு வகைக் கணக்கைச் சொன்னேன். மூன்றாவது ஒன்று பாக்கியிருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பழகியவர்கள், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் எனப் பலர் அங்கே உழைத்தார்கள். ஏறத்தாழ என்று நான் சொல்வதைக் கவனித்தீர்களா? நீளத்தை இருபத்தையாயிரத்து எண்பத்தோரடி என்று ஓரடி விடாமல் சொன்னேன். கோட்டின் பிழையை அங்குலத்தில் சொன்னேன். உயிர்களின் எண்ணிக்கைக்கு வரும்போது மட்டும், நூல் நூலாக அளந்த அந்தக் காலத்தின் ஏடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. அந்தச் சுரங்கத்தில் பேய் உண்டென்றும், இருட்டில் முனகல் கேட்கிறதென்றும் அந்நாளிலேயே வேலைக்காரர்கள் அஞ்சினார்கள். இன்றும் அந்தக் கதைகள் வழங்குகின்றன. பேயை நான் நம்புகிறவன் அல்லன். ஆனால் ஏட்டில் வரவு வைக்காத கணக்கை ஜனங்கள் கதையாக வரவு வைத்துக்கொள்வார்கள் என்பதை நம்புகிறேன்.

நீங்கள் நாளைக்கு அணை கட்டுவீர்கள், பாலம் போடுவீர்கள், மலையும் குடைவீர்கள். மதிப்பீடு என்று ஒரு காகிதத்தில் உங்கள் கையெழுத்து விழும். அப்போது அந்த நடுக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தெப்பம் கட்டியவர்கள் இறந்த கிணறும், தூக்குக்குண்டு தொங்கிய கிணறும் ஒன்றுதான். பதின்மூன்று பேர் மேலே வர முடியாத அந்த வழியாகத்தான், மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின், இரண்டு கம்பிகள் கீழே இறங்கி மலைக்கு நேர்கோடு காட்டின. அந்தக் கம்பிகளின் ஆட்டத்தைப் பொறுத்துப் பார்த்த கண்களுக்கு, அவை எந்த இடத்தில் தொங்குகின்றன என்பது தெரிந்தே இருந்தது. அப்படித் தெரிந்து போட்ட கணக்குத்தான் அங்குலம் தப்பவில்லை.